இடது கால் நனைந்த ஜீப்: ஆன்டெனா கேபிளை உருவி எடுத்த அனுபவம்

எங்கள் ஜீப்பில் இடது பக்கம் உட்கார்ந்து வருகிறவர்களுக்குக் கால் நனையும். மழைக்காலத்தில் நனைந்தால், மேலே இருப்பது துணி டாப்தானே என்று விட்டுவிடலாம். ஆனால் மழை விட்டு மூன்று நாள் கழித்து, வெயில் கொளுத்துகிற மத்தியானத்தில், பாம்பன் பாலத்து இறக்கத்தில் பிரேக்கை மிதித்தால் முன் சீட்டுக்கு அடியில் இருந்து ஒரு கை தண்ணீர் வந்து பாதத்தில் விழும். அம்மா ஒருநாள் சேலைக் கரையைப் பிழிந்து, விரலை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "மழைத்தண்ணி இல்லடா, கரிக்குது" என்றார்.

அதே ஜீப்பில் ரேடியோவும் ஒன்றரை வருடமாகச் சரியில்லை. இரண்டும் தனித்தனி வேலை என்றுதான் நினைத்திருந்தேன். ரேடியோவைப் பிறகு பார்க்கலாம், முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்போம் என்று டாப்பின் தையலில் எல்லாம் பசை பூசினேன். முன் கண்ணாடியின் கீழ் ரப்பரை மாற்றினேன். கால் நனைவது நிற்கவில்லை. கடைசியில் ரேடியோவுக்காக ஆன்டெனா கேபிளைக் கழற்ற உட்கார்ந்த போதுதான் இரண்டும் ஒரே இடத்தில் இருந்து வருவது தெரிந்தது. துணி டாப் வண்டியைக் கடலோரத்தில் வைத்திருப்பவர்களுக்கு உதவும் என்பதால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வண்டி மகிந்திரா எம்எம் 540. பூஜோ டீசல் இன்ஜின், 2112 சிசி, ரெக்சின் டாப். பெரியப்பாவின் வண்டி. 2017-ல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வரும் முன்னால் முகுந்தராயர் சத்திரத்தோடு ரோடு முடிந்துவிடும். அதற்கு அப்பால் மணலும் முட்டளவு தண்ணீரும்தான். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிகள்தான் ஆட்களை ஏற்றிக்கொண்டு தனுஷ்கோடிக்குப் போய்வரும். பெரியப்பா அந்த ஓட்டத்தில் பல வருடம் இருந்தவர். ஒரு பக்கம் அலை பொங்குகிற ஆண்கடல், ஒரு பக்கம் அலை அடங்கிய பெண்கடல், நடுவில் இந்த ஜீப். ரோடு வந்த பிறகு அந்தத் தொழில் போய்விட்டது. வண்டி மண்டபத்தில் எங்கள் வீட்டு வேப்பமரத்தடிக்கு வந்து சேர்ந்தது.

ரேடியோ இல்லாமல் பெரியப்பா வண்டி எடுக்கமாட்டார். மீடியம் வேவில் 1053 கிலோஹெர்ட்ஸில் தூத்துக்குடி வானொலி, அதை விட்டால் கடலுக்கு அந்தப் பக்கத்து இலங்கை நிலையங்கள். தனுஷ்கோடி முனையில் இருந்து தலைமன்னார் 30 கிலோமீட்டர்தான் என்பதால் அங்கே நின்றால் இலங்கைதான் உள்ளூர் மாதிரி கேட்கும். அவர் முன் கண்ணாடியை பானெட் மேல் மடக்கிப் போட்டு ஓட்டுவார். முன்பக்கம் ஆன்டெனா வைத்தால் சக்கரம் வாரி அடிக்கிற உப்புத்தண்ணீர் எல்லாம் அதன் மேல் விழும் என்று பின்பக்க இடது மூலையில் தகரத்தைத் துளைத்து ஒரு மீட்டர் கம்பியை நட்டிருந்தார். அங்கிருந்து டேஷ்போர்டு வரை கேபிள். ஏறி இறங்குகிறவர்கள் மிதித்து அறுத்துவிடாதபடி, இடது பக்கச் சுவரோடு, தரையில் இருந்து நாலு விரல் உயரத்தில் அரை இஞ்ச் பிவிசி பைப் ஓட்டி, கேபிளை அதற்குள் விட்டிருந்தார். யோசித்துச் செய்த வேலை. அந்தப் பைப்தான் பின்னால் வில்லங்கமானது, ஆனால் அதில் அவர் மேல் தப்பு சொல்ல எதுவும் இல்லை.

கழற்றுவதற்கு முன் அளந்து பார்க்கவேண்டும். இதை நான் வயர்லெஸ் செட் பழுதுபார்க்கிற ஓர் அண்ணனிடம் கற்றுக்கொண்டேன். விசைப்படகுகளுக்கு செட் மாட்டிக் கொடுப்பவர் அவர். "கேபிள் கெட்டுப்போச்சுன்னு கையில எடுக்காத தம்பி. மீட்டர் வச்சுக் கேளு, அதுவே சொல்லும்" என்றார்.

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு ரேடியோவை வெளியே இழுத்தேன். ஆன்டெனா பிளக் ரேடியோவின் முதுகில் குத்தியிருக்கும். அதைப் பிடுங்கும்போது உலோக உறையைப் பிடித்து நேராக இழுக்கவேண்டும், கேபிளைப் பிடித்து இழுத்தால் நடுக்கம்பி உள்ளே அறுந்துவிடும். கார் ஆன்டெனா கேபிளின் நடுக்கம்பி தலைமுடியைவிடக் கொஞ்சம்தான் தடிமன்.

மல்டிமீட்டரில் மூன்று சோதனை. பிளக்கின் நடு முனைக்கும் ஆன்டெனாக் கம்பியின் நுனிக்கும் இடையில் தொடர்பு இருக்கவேண்டும், இருந்தது. பிளக்கின் வெளி உறைக்கும் வண்டியின் தகரத்துக்கும் இடையில் ஓம், அதாவது மின்தடை, சுழியத்தை ஒட்டி வரவேண்டும். வரவில்லை, 40 ஓமில் ஆடிக்கொண்டிருந்தது. மூன்றாவதுதான் முக்கியம். நடு முனைக்கும் வெளி உறைக்கும் இடையில் எதுவுமே காட்டக்கூடாது, முழுத் துண்டிப்பு இருக்கவேண்டும். எனக்கு 3.8 கிலோ ஓம் காட்டியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே 4.5, 5 என்று ஏறியது. சிவப்பு முனையையும் கறுப்பு முனையையும் மாற்றி வைத்தேன், வேறு எண். வெறும் உலோகம் உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் எப்படி மாற்றி வைத்தாலும் ஒரே எண்தான் வரும். சந்தேகத்தில் மீட்டரை வோல்ட்டுக்குத் திருப்பினேன். 0.2 வோல்ட். பேட்டரி கழற்றிய வண்டியில், ரேடியோவில் இருந்து பிடுங்கிய கேபிளில் 0.2 வோல்ட்! உள்ளே எங்கோ இரண்டு உலோகங்களுக்கு நடுவில் உப்புத்தண்ணீர் தேங்கி, தானே ஒரு சின்ன பேட்டரியாகி உட்கார்ந்திருக்கிறது. அம்மாவின் சேலைக் கரை அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது.

ரேடியோ கெட்ட வரிசையும் இதோடு பொருந்தியது. முதலில் போனது மீடியம் வேவ். 1053 மெல்ல மெல்லத் தேய்ந்து இரைச்சலானது. எஃப்எம் மட்டும் அரைகுறையாக வந்துகொண்டிருந்தது. பாம்பனில் இருந்து 90.4-ல் ஒலிக்கிற கடல் ஓசை மீனவர்களுக்காக 2016-ல் தொடங்கிய சமுதாய வானொலி. மண்டபத்தில் நன்றாகக் கேட்கவேண்டியது. அது ரயில்வே ஸ்டேஷன் தாண்டினாலே இரைய ஆரம்பித்தது. மீடியம் வேவ் முதலில் போவதற்குக் காரணம் இருக்கிறது. 1053 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 285 மீட்டர். அதற்கு முன்னால் ஒரு மீட்டர் கம்பி வெறும் துரும்பு. அது பிடித்துத் தருவது ஒரு டம்ளர் தண்ணீர் என்று வையுங்கள். கேபிள்தான் அதை ஊற்றிக் கொண்டுபோகிற பாத்திரம். பாத்திரத்தில் ஓட்டை விழுந்தால் ரேடியோவுக்கு என்ன போய்ச் சேரும்? 90.4 மெகாஹெர்ட்ஸ் அலை 3.3 மீட்டர்தான், ஒரு மீட்டர் கம்பி அதன் கால்வாசி நீளத்துக்குக் கிட்டத்தட்டப் பொருந்திவிடும். அதனால் எஃப்எம் கொஞ்சம் ஒழுக்கைத் தாங்கும்.

இன்னொன்று, இது டீசல் இன்ஜின், ஸ்பார்க் பிளக் கிடையாது. ஆனாலும் ஆக்சிலரேட்டரை மிதித்தால் ரேடியோவில் ஊளை கூடவே ஏறியது. அது இன்ஜினோடு சுற்றி மின்சாரம் தருகிற ஆல்டர்னேட்டரின் சத்தம். கேபிளின் உறைக்குள் நடுக்கம்பியைச் சுற்றியிருக்கிற பின்னல் தகரத்தோடு நன்றாக ஒட்டியிருந்தால் இந்தச் சத்தம் உள்ளே வராது. அந்த 40 ஓம் சொன்னது இதைத்தான்: ஆன்டெனாவின் அடியில் எர்த் போய்விட்டது.

சரி, கழற்றும் வேலைக்கு வருகிறேன்.

டாப்பின் பின் பாதியைக் கழற்றி, வளைவுக் கம்பிகளை முன்னால் மடித்தேன். மடிக்கும்போதே ஒரு கோளாறு கண்ணில் பட்டது. பின் வளைவுக் கம்பியின் கீல் இருக்கிற இடத்துக்கு நேராகக் கேபிள் போகிறது. டாப்பை மடக்கி விரிக்கிற ஒவ்வொரு தடவையும் கத்தரிக்கோல் மாதிரி அந்தக் கீல் கேபிளைக் கடித்திருக்கிறது. மேல் உறையில் பிறை வடிவத்தில் ஒரு வெட்டு, உள்ளே பச்சையாகக் களிம்பு பூத்த செம்புப் பின்னல். துணி டாப் வண்டியில் கேபிள் தேடுகிறவர்கள் முதலில் கீல்களைப் பாருங்கள். மூடிய காரில் இந்த இடம் கிடையாது.

ஆன்டெனாவின் அடி நட்டுக்குத்தான் இரண்டு இரவு போனது. மேலே குரோம் பூசிய பித்தளை, கீழே இரும்புத் தகரம், நடுவில் உப்பு. இப்படி இரண்டு உலோகம் சேர்ந்தால் பித்தளை அப்படியே இருக்கும், இரும்புதான் கரையும். துளையைச் சுற்றி ஒரு ரூபாய் அகலத்துக்குத் தகரம் அப்பளம் போல உப்பியிருந்தது. அடியில் கையை விட்டு ஸ்பேனரைப் போட்டுத் திருப்பினால் நட்டோடு சேர்ந்து முழு ஆன்டெனாவும் சுற்றியது. அப்படியே சுற்றவிட்டால் கேபிள் உள்ளே முறுக்கி அறுந்துவிடும். உடனே நிறுத்தினேன். பழைய சைக்கிள் டியூப் துண்டை ஆன்டெனாவின் கழுத்தில் சுற்றி, மேலே ஒருவர் பிளையரால் பிடித்துக்கொள்ள, கீழே இருந்து திருப்பவேண்டும். துருவுக்கு டபிள்யூடி 40 அடித்து ஒரு இரவு ஊறவிட்டேன். அசையவில்லை. இன்னொரு இரவு. மறுபடியும் அசையவில்லை. நெருப்புக் காட்டினால் இளகும் என்று பக்கத்து வெல்டிங் பட்டறையில் சொன்னார்கள். ரெக்சினும் கேபிளும் இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது நெருப்பு வேண்டாம் என்று விட்டேன். மூன்றாம் நாள் காலையில் ஹாக்சா பிளேடை மட்டும் கையில் பிடித்து, நட்டின் ஒரு முகத்தை அரை மணி நேரம் அறுத்தேன். முக்கால்வாசி அறுந்ததும் வெட்டில் ஸ்குரூடிரைவரை வைத்து ஒரு நெம்பு. 'டக்' என்று விண்டு விழுந்தது. கேபிளுக்குச் சேதமில்லை.

இப்போது கேபிளின் இரண்டு நுனியும் கையில். பின் நுனி ஆன்டெனாவோடு, முன் நுனி பிளக்கோடு. நடுவில் பைப்.

பிளக் இருக்கிற முன்பக்கம் இருந்து மெதுவாக இழுத்தேன். ஒரு சாண் வந்தது, நின்றுவிட்டது. பின்பக்கம் போய் இழுத்தேன். ஒரு சாண் வந்தது, நின்றது. இரண்டு பக்கமும் ஒரே அளவு அசைகிறது என்றால் கேபிள் ஒட்டிக்கொள்ளவில்லை, கேபிளில் தடித்த எதுவோ பைப்பின் வளைவுகளுக்கு நடுவில் சிக்கியிருக்கிறது. நான் காலைத் தகரத்தில் ஊன்றி இன்னும் கொஞ்சம் பலமாக இழுக்கப் போனேன். திண்ணையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த பெரியப்பா எழுந்து வந்துவிட்டார்.

"தம்பி, இழுக்காத. அது நங்கூரக் கயிறு இல்ல. உள்ள ஜாயின்ட் இருக்கு."

"ஜாயின்ட்டா? ஒரே கேபிள்னுல்ல நினைச்சேன் பெரியப்பா."

"ஆன்டெனா கூட வந்த கேபிள் எம்புட்டு நீளம் இருக்கும்? ஒண்ணரை மீட்டர். பத்தாதுன்னு இன்னொண்ணு வாங்கிச் சேர்த்தேன். டேப் சுத்தித்தான் விட்டேன்."

அப்படியென்றால் பின் நுனியில் இருந்து ஒன்றரை மீட்டரில் ஜாயின்ட். டேப் வைத்து அளந்து பைப்பின் வெளியே சாக்பீசால் குறி போட்டேன். அந்த இடத்தைப் பார்த்ததும் எல்லாம் விளங்கிவிட்டது. பைப்பைப் பிடித்திருந்த கிளாம்புகளில் நடுவில் இருந்த இரண்டு துருப்பிடித்து உதிர்ந்திருந்தன. பைப் அந்த இடத்தில் தொய்ந்து தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. இரண்டு முனையும் மேலே, நடு கீழே. தொட்டில் மாதிரி. ஆன்டெனாக் கம்பியில் வழிகிற மழை, கேபிளைப் பிடித்துக்கொண்டே இறங்கி நேராகப் பைப்புக்குள் போகிறது. போன தண்ணீர் வெளியே வர வழியில்லை. பைப்பில் படிந்த உப்பைக் கரைத்துக்கொண்டு அங்கேயே நிற்கிறது. பிரேக் போட்டால் முன்னால் எழும்பி, முன் முனை வழியாக இடது சீட்டுக்காரர் பாதத்தில் விழுகிறது. அந்தத் தொட்டிலின் அடியில், உப்புத்தண்ணீரில் மூழ்கியபடி, ஜாயின்ட்.

பைப்பின் கிளாம்பு ஸ்குரூக்களைக் கழற்றிப் பைப்போடு எடுக்கப் பார்த்தேன். மீதி இருந்தவற்றின் தலையெல்லாம் உருண்டு போயிருந்தன, ஸ்குரூடிரைவர் பிடிக்கவில்லை. பைப்பை அறுத்தால் வேலை சுலபம். பெரியப்பா போட்ட பைப், நல்ல வழி, புதுக் கேபிளுக்கும் அதே வழிதான் வேண்டும். அறுக்க மனம் வரவில்லை.

முதலில் உப்பைக் கரைக்கவேண்டும். எங்கள் வீட்டு போர் தண்ணீரே கரிப்பு, அதை ஊற்றினால் உப்புக்கு உப்புதான் சேரும். மழையில் பிடித்து வைத்த நல்ல தண்ணீரைச் சொம்பில் எடுத்து, முன்பக்க முனையில் புனல் வைத்து ஊற்றினேன். பின்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, முன்பக்கம் வடியவிட்டேன். முதல் சொம்பு தேநீர் நிறத்தில் வந்தது, மணலும் துருவும். நாலாவது சொம்பில் நிறம் தெளிந்தது. அப்புறம் தேங்காய் எண்ணெயைக் கொஞ்சம் சூடாக்கி ஊற்றி இரவு முழுக்க விட்டேன். ஒரு இரவில் பிவிசியையும் கேபிள் உறையையும் அது பெரிதாக ஒன்றும் செய்யாது. கிரீஸ் போட்டால் மணல் ஒட்டிக்கொள்ளும், பெட்ரோல் மாதிரி எதையும் பக்கத்தில் கொண்டுபோகவே வேண்டாம்.

மறுநாள் எந்தப் பக்கம் இழுப்பது என்று யோசித்தோம். ஜாயின்ட் உள்ளே போன வழியாகவே வெளியே வருவதுதான் நல்லது. பெரியப்பாவுக்கு ஞாபகம் இருந்தது, பின்னால் இருந்து முன்னால் தள்ளினாராம். ஆகவே பின்பக்கம் இழுக்கவேண்டும். இழுப்பதற்கு முன்னால் முன் நுனியில் நூல் கட்டவேண்டும். இதை மட்டும் யாரும் மறக்கக்கூடாது. கேபிள் வெளியே போகும்போது நூல் உள்ளே போய்விடும், புதுக் கேபிளை அந்த நூலே இழுத்துக்கொண்டு வரும். நூல் கட்டாமல் உருவிவிட்டால் அந்த வளைவுகளில் எதைச் செருகினாலும் போகாது.

வலை பின்னுகிற நைலான் நூல் எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் கிடைக்கும். தண்ணீரில் இற்றுப்போகாது, வழுக்கிக்கொண்டு போகும். பிளக்கின் கழுத்தில் ஒரு முடிச்சு மட்டும் போட்டால் எண்ணெயில் நழுவிவிடும். பெரியப்பா கட்டிக் காட்டினார். கேபிளில் ஒரு சாண் தூரத்துக்கு நாலு இடத்தில் சுருக்கு, ஒவ்வொரு சுருக்கும் முந்தையதை இறுக்குகிற மாதிரி. கடைசியில் பிளக்கின் மூக்கு நுனியில் இருந்து நூல் நேராக வெளியே போகவேண்டும். அதன் மேல் இன்சுலேஷன் டேப்பை மூக்கில் இருந்து பின்னோக்கிச் சாய்வாகச் சுற்றினால் பிளக் கூம்பு மாதிரி ஆகிவிடும், வளைவில் இடிக்காது.

நான் பின்பக்கம், பெரியப்பா முன்பக்கம். அவர் ஒரு விரற்கடை தள்ள, நான் ஒரு விரற்கடை இழுக்க. சேர்ந்து செய்யவேண்டும். தள்ளாமல் இழுத்தால் ஜாயின்ட் வளைவின் உள் சுவரில் போய் முட்டும். முட்டினால் மறுபடி உள்ளே விட்டு, கேபிளைக் கால் சுற்று திருப்பி, மறுபடி இழுக்கவேண்டும். பல தடவை அப்படி. ஏழாவதா எட்டாவதா என்று தெரியவில்லை, கையில் ஒரு சின்ன வழுக்கல் தெரிந்தது. அதன் பிறகு தடையில்லாமல் வந்தது. பாம்பு புற்றில் இருந்து வருவது மாதிரி நீளமாக, கறுப்பாக, எண்ணெய் சொட்டச் சொட்ட. கடைசியில் கூம்பு பிளக், அதன் பின்னால் வெள்ளை நூல்.

மொத்தம் 3 மீட்டர் 80.

ஜாயின்ட்டைப் பிரித்துப் பார்த்தோம். பெரியப்பா சுற்றிய டேப் பசையாக உருகி விரலில் ஒட்டியது. அதற்குள் ஆண் பிளக்கும் பெண் பிளக்கும் ஒன்றாகி, நடுவில் வெள்ளைப் பொடியும் பச்சைக் களிம்பும். நகத்தால் சுரண்டினால் ஈரமாக வந்தது. அத்தனை வெயிலிலும் அது காயவில்லை. காயாது. காற்றில் ஈரம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரைந்துகொள்ளும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் சேர்ந்திருப்பதால் அதைவிடக் குறைந்த ஈரத்திலேயே கசிய ஆரம்பித்துவிடும். மழைக்காலத்தில் வீட்டு உப்பு ஜாடியில் பார்ப்பது இதுதான். மதுரையில் ஒரு தடவை நனைந்த கேபிள் வெயிலில் காய்ந்து பிழைத்துக்கொள்ளும். மண்டபத்தில் ஒரு தடவை உப்பு உள்ளே போனால் அது நனைந்தே இருக்கும். காரைக்குடியில் இருக்கிற சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆய்வகம் உலோக அரிப்பை ஆராய மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்திருப்பது சும்மா இல்லை.

எவ்வளவு தூரம் கெட்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசை. ஜாயின்ட்டில் இருந்து தொடங்கிப் பத்துப் பத்து சென்டிமீட்டருக்கு உறையைக் கீறிக்கொண்டே போனேன். முதல் பத்தில் பின்னல் பச்சை, தொட்டால் உதிர்ந்தது. அடுத்தது கறுப்பு. அடுத்ததும் கறுப்பு. 70 சென்டிமீட்டர் தாண்டிய பிறகுதான் செம்பு செம்பாக மின்னியது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல, மெல்லிய கம்பிகளின் பின்னலுக்கு நடுவில் உப்புத்தண்ணீர் அவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது. வெளியே உறை புதுசு மாதிரி இருந்தது. அதனால் பாதியை வெட்டிவிட்டு மீதியை வைத்துக்கொள்ளலாம் என்று யாரும் உறையைப் பார்த்து முடிவு செய்யவேண்டாம், கீறிப் பாருங்கள்.

கேபிள் வெளியே வந்துவிட்டது, இனி புதிதாக எதைப் போடுவது? வயர்லெஸ் அண்ணனிடம் படகு செட்டுக்குப் போடுகிற ஆர்ஜி 58 கேபிள் சுருள் சுருளாக இருக்கிறது, தடிமனான செம்பு, நல்ல உறை. அதையே கேட்டேன். அவர் கொடுக்கவில்லை. "படகு செட்டுக்கு 50 ஓம் கேபிள். உன் ரேடியோவுக்கு இது ஆகாது" என்றார். காரணமும் சொன்னார். எந்தக் கேபிளும் கொஞ்சம் மின்னூட்டத்தைத் தன்னிடமே தேக்கிக்கொள்ளும்; அந்தக் கொள்ளளவு ஆர்ஜி 58-க்கு ஒரு மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோஃபாரட். கார் ரேடியோ கேபிளுக்கு அதில் பாதிகூடக் கிடையாது, அதற்காகத்தான் நடுக்கம்பியை அவ்வளவு மெல்லிசாக வைத்து, சுற்றிலும் காற்றுக் குழாய் மாதிரி விட்டிருக்கிறார்கள். நான் முன்னால் சொன்ன டம்ளர் தண்ணீரை அண்டாவில் ஊற்றினால் அடி மட்டும்தான் நனையும். எஃப்எம் கேட்கும், 1053 கேட்காது. ராமநாதபுரம் போய் கார் ரேடியோவுக்கென்றே வருகிற கேபிளும் ஆன்டெனாவும் வாங்கி வந்தேன்.

துளையைச் சுற்றி இருந்த துருவைத் தகரம் வெள்ளையாகத் தெரியும் வரை தேய்த்து, மழைத்தண்ணீரால் கழுவி, ஒரு நாள் காயவிட்டு, பிரைமர் அடித்தேன். ஆன்டெனாவின் பல் வாஷர் உட்காரும் இடத்தில் மட்டும் பெயின்ட் இல்லாமல் விட்டு, வாஸ்லின் தடவி, நட்டை முறுக்கினேன். எர்த் அங்கேதான் கிடைக்கும். மீட்டரில் இப்போது 0.3 ஓம். பைப்பின் தொய்ந்த இடத்தைப் புதுக் கிளாம்பு போட்டுத் தூக்கி, அடியில் 6 மில்லிமீட்டரில் இரண்டு துளை போட்டேன். இனி தண்ணீர் போனாலும் நிற்காது. போகாமல் இருக்க, ஆன்டெனாவில் இருந்து இறங்குகிற கேபிளைப் பைப்பின் வாய்க்குக் கீழே ஒரு சாண் தொங்கவிட்டு, பிறகு மேலே ஏற்றி உள்ளே விட்டேன். வழிகிற தண்ணீர் அந்தத் தொங்கலின் அடியிலேயே சொட்டிவிடும். படகுகளில் வீல்ஹவுசுக்குள் போகிற எல்லாக் கேபிளுக்கும் இப்படித்தான் செய்வார்கள் என்று அண்ணன் சொன்னார். ஜாயின்ட் இந்தத் தடவை பைப்புக்குள் இல்லை. பின் சீட்டுப் பலகையின் அடியில், கை எட்டுகிற உயரத்தில், தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைச் சுற்றிக் கட்டியிருக்கிறேன். கீலுக்கும் கேபிளுக்கும் நடுவில் இப்போது நாலு விரல் இடைவெளி.

கூம்பு சுற்றி, நூலைக் கட்டி, பெரியப்பா முன்னால் இருந்து இழுத்தார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

கார்த்திகை மாத வாடையில் மூன்று நாள் விடாமல் பெய்த பிறகு அம்மாவை இடது சீட்டில் உட்காரவைத்துப் பாம்பன் வரை போய்வந்தேன். பாலத்து இறக்கத்தில் பிரேக் போட்டேன். அம்மா குனிந்து கால்மிதியைக் கையால் தடவிப் பார்த்தார், காய்ந்திருந்தது. 90.4 திரும்பி வரும்போது மண்டபம் தாண்டி, வேதாளை வரை இரைச்சல் இல்லாமல் கேட்டது. பெரியப்பாவுக்கு எஃப்எம் பற்றி அக்கறை இல்லை. இரவு எட்டு மணிக்கு வேப்பமரத்தடியில் நின்ற வண்டியில் ஏறி உட்கார்ந்து, 1053-ஐத் தேடி வைத்துவிட்டு, டாப்பை இறக்கச் சொன்னார்.

புதுக் கேபிளை இழுத்தபோது கூடவே இன்னொரு வெள்ளை நூலையும் சேர்த்து இழுத்துவிட்டிருக்கிறேன். அடுத்த தடவை கழற்றுகிறவருக்கு அது உள்ளேயே இருக்கும். ஒரு நுனி முன் சீட்டின் காலில் கட்டியிருக்கிறது, இன்னொரு நுனி பின் சீட்டுப் பலகையின் அடியில், ஜாயின்ட்டுக்குப் பக்கத்தில்.